ஆயாசம் இருக்கிறதா, வருகிறதா?

இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் நடந்தது இது. நான் அப்போது அம்மையார்குப்பம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். அங்கே கொடுத்த குடியிருப்பு மழைக்கு ஒழுகும். அதனால் திருத்தணியில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் சிவகங்கைப் பக்கம். வேலை கிடைத்தது வடகோடியில். போன புதிதில் அந்த ஊர்க்காரர்கள் பேசுகிற தமிழே எனக்குப் பாதிதான் விளங்கியது. அதோடு நெசவு வீடுகள் பலவற்றில் தெலுங்கு வேறு. நம்மிடம் தமிழில் பேசுவார்கள், திரும்பி வீட்டுக்காரர்களிடம் தெலுங்கில் பேசுவார்கள். போகப் போகக் கேட்டுப் பழகிவிட்டது, எல்லாம் புரிகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி சிம் கார்டு கொடுத்தார்கள். எங்களுக்குள் எவ்வளவு பேசினாலும் காசு கிடையாது. பிரசவம் எத்தனை, தடுப்பூசி எத்தனை என்று மேலே உடனுக்குடன் தகவல் போகவேண்டும் என்பதற்காகக் கொடுத்தது. அதை வைத்து வேறொன்று செய்யலாம் என்று கண்டுபிடித்தவள் எங்களில் ஒருத்தி. ஆர்.கே.பேட்டைக்காரி. என் வயதுதான் இருக்கும். பேச்சு, சிரிப்பு எல்லாமே சத்தம்தான். செல்போன் கடைக்காரரிடம் கேட்டு, ஒரே நேரத்தில் ஐந்தாறு பேரை லைனில் சேர்க்கிற வித்தையைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவரவர் நிலையத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லோரும் லைனில் வந்துவிடுவோம். போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டால் கையும் வாயும் சும்மா இருக்காது.

மாதாந்திரக் கூட்டத்தில் எங்களுக்கு வாய் வராது. அதிகாரி பேசுவார், நாங்கள் தலையாட்டுவோம். சந்தேகம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாமலா வேலைக்கு வந்தீங்க’ என்று கேட்டுவிடுவாரோ என்கிற பயத்தில், எல்லாம் தெரிந்த மாதிரியே எழுந்து வந்துவிடுவோம். ஆனால் போனில் ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியாதல்லவா, அதனால் கூச்சம் இல்லை. இன்றைக்கு யாரைப் பார்த்தேன், எது புரியவில்லை, என்ன செய்தேன் என்று ஆளுக்கு ஆள் சொல்வோம். பேட்டைக்காரி இதற்குச் சட்டமெல்லாம் வைத்திருந்தாள். நோயாளியின் பெயரைச் சொல்லக்கூடாது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று யாரும் நழுவக்கூடாது. இன்னொன்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“ரிஜிஸ்டர் பாஷை வேணாம்மா. அந்தம்மா வாயில இன்னா வந்துச்சோ அத்த அப்பிடியே சொல்லு” என்பாள்.

எனக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லித்தான் பழக்கம். ரத்தசோகை என்றால் ரத்தசோகை, அதற்கு மேல் என்ன கதை? நடுநடுவே குழம்பு, சீரியல், மாமியார் புராணம் எல்லாம் கலந்து வரும். நான் ‘சொன்னாக, வந்தாக’ என்று எங்கள் ஊர்ப் பேச்சில் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க என்னை வைத்துத்தான் கேலி. எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். பல நாள் லைனைத் துண்டித்துவிடலாமா என்று நினைத்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் அதிகாரி, “போன்ல உங்களுக்குள்ள அப்படி என்னதான் பேசுறீங்க?” என்று கேட்டார். பேட்டைக்காரி கொஞ்சமும் யோசிக்காமல், “குழம்பு பத்தி சார்” என்றாள்.

குழம்பு இல்லாத நாளும் ஒன்று இருந்தது. மலையோர கிராமத்தில் வேலை பார்த்தவள் ஒருத்தி, எங்களில் மூத்தவள். மூச்சுத் திணறிய கர்ப்பிணி ஒருத்தியை ஜீப்பில் படுக்கவைத்துக் கூட்டிப்போனதையும், அந்தப் பெண் வழியிலேயே போய்விட்டதையும் சொன்னாள். இதயக் கோளாறாம். படுக்கவைக்காமல் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று பிறகுதான் டாக்டர் சொன்னாராம். சொல்லிவிட்டு அழுதாள். நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே கேட்டேன், பாதி காதில் விழுந்தது. அதற்கப்புறம் அவள் தினமும் லைனில் வருவாள், ஆனால் தன் முறை வந்தால் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வாள்.

கிருத்திகை நாள் ஒன்று. பஸ் முழுக்கக் காவடியும் மொட்டைத் தலைகளும். நின்றுகொண்டே வேலைக்குப் போனதில் காலையிலேயே எனக்குக் கடுகடுப்பு. விசைத்தறி ஓடுகிற ஒரு வீட்டில் எட்டாம் மாதக் கர்ப்பிணி, தலைப்பிரசவம். தறிக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தறிச் சத்தத்தில் நான் கத்திக் கேட்க, அவள் என் காதருகே வந்து சொன்னாள்.

“ஆயாசமா வருதும்மா.”

எங்கள் ஊரில் ஆயாசம் என்றால் களைப்பு. எட்டாம் மாதத்தில் களைப்பு வராமல் என்ன செய்யும்? ரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடு, கீரை சாப்பிடு, மத்தியானம் கொஞ்சம் படு என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் லைனில் என் முறை வந்தது. “எனக்கு ஒண்ணும் இல்ல, அடுத்தவங்க பேசுங்க” என்றேன்.

“அதெல்லாம் கெடையாது. காலைலேந்து யாரையுமே பாக்காம சொம்மாவா ஒக்காந்துகினு இருந்த?” என்றாள் பேட்டைக்காரி.

வாயை அடைப்பதற்காகச் சொன்னேன். “மாசமா இருக்கிற பிள்ளை ஒண்ணு, எட்டாம் மாசம். ஆயாசமா வருதுன்னுச்சு. ரெஸ்ட் எடுக்கச் சொன்னேன். அம்புட்டுத்தான்.”

அவள் சாப்பிடுவதை நிறுத்தியது எனக்கே கேட்டது.

“ஆயாசமா கீதுன்னாங்களா, வருதுன்னாங்களா?”

“எதா இருந்தா என்ன?”

“தெலுங்கு வூடா?”

“ஆமா, வீட்டுக்குள்ள தெலுங்குதான் பேசுறாக.”

அந்த ‘பேசுறாக’வுக்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

“தெலுங்குல ஆயாசம்னா அசதி இல்லம்மா” என்றாள். “மூச்சு வாங்கறது. அசதின்னா கீதுன்னு சொல்லிருப்பாங்க. வருதுன்னா மூச்சுதான். நீ கெளம்பு. லைன கட் பண்ணாத.”

சோற்றை அப்படியே மூடிவைத்துவிட்டு ஓடினேன். அந்தப் பெண் அதே நாற்காலியில்தான் இருந்தாள். தறியை நிறுத்தச் சொன்னேன். அவள் கணவன் உள்ளே பார்த்து, “நைனா, தறிய ஆஃப் பண்ணு” என்று கத்தினான். அவன் அப்பா நிறுத்தினார்.

சத்தம் அடங்கியதும் அவள் மூச்சு கேட்டது. காலையில் பக்கத்தில் நின்றும் எனக்குக் கேட்காத மூச்சு. ஓடி வந்து நின்றவள் மாதிரி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன், காலை அமுக்கினால் குழி விழுந்தது. “ராத்திரில படுத்தா முடியலம்மா, ஒக்காந்துகினே தூங்கறா” என்றார் மாமியார்.

“இதை ஏம்மா என்கிட்டச் சொல்லல?” என்று அவளைக் கேட்டேன்.

“சொன்னேனேம்மா” என்றாள். கோபமெல்லாம் இல்லை. சொன்னதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

ஆம்புலன்ஸுக்குக் கணவனின் போனிலிருந்து சொன்னோம். ஆனால் மாமியார் வழிவிடவில்லை. வெள்ளிக்கிழமை சீமந்தம் வைத்திருக்கிறார்கள், சொந்தக்காரர்களையெல்லாம் அழைத்தாயிற்று. “எல்லாருக்கும் எட்டாம் மாசம் இப்பிடித்தான் இருக்கும் நர்ஸம்மா. சீமந்தம் முடியட்டும், சனிக்கிழமை நானே இட்டாரேன்” என்றார். நான் என்ன சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. என் தமிழ் அவருக்கு வெளியூர்த் தமிழ். போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன்.

பேட்டைக்காரி தெலுங்கில் பேசினாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. “படுகுண்டே ஆயாசம் வஸ்துந்தா அம்மா?” என்று கேட்டாள். படுத்தால் மூச்சு வாங்குகிறதா என்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. மாமியார், “அவுனம்மா, அவுனு” என்றார். பிறகு என்னென்னவோ சொன்னாள். கடைசியில் மாமியார் போனை என்னிடம் நீட்டிவிட்டு, உள்ளே போய் மருமகளின் மாற்றுப் புடவையை எடுத்துப் பையில் வைத்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர் வழக்கம்போல அவளை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைக்கப் போனார். எனக்கு அந்த நேரத்தில் எதுவும் ஓடவில்லை. அப்போது என் கையிலிருந்த போனில் ஒரு குரல் கேட்டது. பேட்டைக்காரி இல்லை. மலையோரத்துக்காரி.

“படுக்க வெக்காதீங்க. ஒக்கார வெச்சே கூட்டினு வாங்க. சிஸ்டர், அவங்ககிட்ட சொல்லுங்க, ஒக்கார வெச்சே.”

சொன்னேன். அவர் உடனே தலைப்பக்கத்தை நிமிர்த்திவிட்டு ஆக்சிஜன் வைத்தார். வழியெல்லாம் போன் என் மடியில் லைனிலேயே இருந்தது. திருத்தணியில் இருந்த இன்னொருத்தி அரசு மருத்துவமனைக்கே போய் டாக்டரிடம் சொல்லிவிட்டு, “மலையடிவாரத்துப் பக்கம் வராதீங்க, காவடிக் கூட்டம், சுத்திகினு வாங்க” என்று எங்களுக்கு வழி சொன்னாள். நாங்கள் போய் இறங்கும்போது சக்கர நாற்காலியோடு வாசலில் நின்றாள்.

இதய வால்வு சுருங்கியிருக்கிறது, சின்ன வயதில் வந்த காய்ச்சலால் இருக்கலாம், நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் டாக்டர். முதலுதவி செய்து அன்றைக்கே சென்னைக்கு அனுப்பினார். “இன்னிக்கு ராத்திரியைத் தாண்டியிருக்க மாட்டாங்க” என்று அவர் என்னிடம் சொன்னதை மாமியாரிடம் நான் சொல்லவில்லை. குழந்தை சென்னையில்தான் பிறந்தது. எடை குறைவு, பெண். ரொம்ப நாள் கழித்துத் தாயும் மகளும் ஊருக்கு வந்தார்கள். அந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டது நான்தான்.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து பதில் சொல்வதற்குள் பேட்டைக்காரி முந்திக்கொண்டாள்.

“குழம்பு பத்தி பேசிகினு இருந்தோம் சார், நடுவுல தெரிஞ்சிச்சு.”

அந்த ஹாலில் நாங்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதிகாரியும் சிரித்துவிட்டார். மலையோரத்துக்காரி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் மத்தியானம் லைனில் அவள் முறை வந்தபோது நிறையப் பேசினாள்.

பிறகு மாற்றல் கிடைத்து நான் எங்கள் ஊர்ப் பக்கமே வந்துவிட்டேன். இப்போது போனிலேயே படம், வீடியோ எல்லாம் போகிறது. இங்கேயும் செவிலியர்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருக்கிறோம். புதிதாக வந்த பெண்கள், “இன்னைக்கு எனக்கு ஒண்ணும் இல்லக்கா” என்று நழுவப் பார்ப்பார்கள். நான் விடுவதில்லை. யாரைப் பார்த்தாய், அவர்கள் வாயில் என்ன வார்த்தை வந்தது, அதை அப்படியே சொல் என்று பிடித்துக்கொள்வேன். என்னைத் தொல்லை பிடித்தவள் என்று அவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இருக்கட்டும். அந்தக் கிருத்திகை மத்தியானம் என்னிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை, இரண்டு உயிர்களைத் தவிர.