நாலாம் நம்பர் பஞ்சு

எடை போட்டுப் பார்க்காமல் அவள் எதையும் நம்பமாட்டாள். அதனால்தான் பஞ்சுக்கடைத் தெருவில் அவளுக்கு எடைக்காரி என்று பெயர். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, ஒரு கொக்கித் தராசு இருக்கும். கடைக்காரர் பஞ்சுச் சுருளைப் பிரித்துப் போட்டு, "தொட்டுப் பாருங்கக்கா, வெண்ணெய் மாதிரி இருக்கு" என்பார். இவள் தொடமாட்டாள். "வெண்ணெயக் கொக்கியில மாட்டு தம்பி, எவ்வளவு நிக்குதுன்னு பாப்போம்" என்பாள்.

இருபத்திரண்டு வருஷமாகப் பஞ்சுப் போர்வை தைக்கிறாள். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி, நடுவே பாய் போல விரிகிற பஞ்சு, மூன்றையும் சேர்த்துக் கோடு கோடாகத் தையல். வேலை அவ்வளவுதான். துணியை வாடிக்கைக்காரர்களே கொண்டுவந்துவிடுவார்கள். பஞ்சு இவள் பொறுப்பு. அவளிடம் வருகிறவர்கள் யாரும் பணத்தைத் தண்ணீராகச் செலவழிக்கிறவர்கள் இல்லை. கையைக் கடிக்காத விலை வேண்டும், பத்து வருஷமாவது உழைக்கவும் வேண்டும். துணி சாயம் போனால் துணி விற்றவனைத் திட்டுவார்கள். உள்ளே பஞ்சு கட்டி கட்டியாகத் திரண்டால் திட்டு முழுக்க இவளுக்குத்தான்.

ஆகவே குளிர்காலம் தொடங்குமுன் ஒரு பரீட்சை நடத்துவாள். கடையில் இருக்கிற ஒவ்வொரு ரகத்திலும் கொஞ்சம் வாங்கிவந்து, பழைய விரிப்புத் துணிக்குள் வைத்து, இரண்டடிக்கு இரண்டடியில் சதுரம் தைப்பாள். ரகத்துக்கு இரண்டு சதுரம். மூலையில் சிவப்பு நூலால் நம்பர். ஒன்றை ஏழு தடவை துவைத்துக் காயப்போடுவாள், மற்றதைத் தொடமாட்டாள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுருக்கம், திரளல், எடை எல்லாம் பார்ப்பாள். இந்த வருஷம் ஒன்றாம் நம்பர் முழுப் பருத்தி. கனம், விலையும் கனம். இரண்டாவது கலப்பு. மூன்றாவது பழைய துணியை அரைத்துச் செய்த சாம்பல் நிறப் பஞ்சு. நாலாவது இருப்பதிலேயே மலிவான பாலியஸ்டர், வாயால் ஊதினால் பறக்கும். நாலு துவையலிலேயே ஓரத்துக்கு ஒதுங்கி உருண்டுவிட்டது. அதைக் கழித்துக் கட்டினாள்.

திரளாவிட்டாலும் கழித்திருப்பாள். போர்வை வாங்க வருகிறவர்கள் முதலில் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பார்ப்பார்கள். கை கொஞ்சம் தாழ்ந்தால் முகம் மலரும். கொடுத்த காசுக்குக் கனம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இருபத்திரண்டு வருஷத்தில் அது இவள் கணக்கும் ஆகிவிட்டது.

இனி மாமியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வருஷமாக ஒரே வீடு, ஒரே அடுப்பு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற சட்டம் அந்த வீட்டில் ஒரு நாளும் தளர்ந்தது கிடையாது. எடைக்காரியின் கணவர் பேருந்து நடத்துநர். நாள் முழுக்க ஊரார் சச்சரவைத் தீர்த்துவிட்டு வருகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் மத்தளம், இரண்டு பக்கமும் இடி. அதனால் வாய் திறப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது.

அந்த மாமியார் மழைக்காலக் கடைசியில் நெஞ்சுச்சளி முற்றி, ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பும்போது எடை முப்பத்திநாலு கிலோ. "உடம்புல குளிர் படக்கூடாது. இன்னொரு தடவை வந்தா தாங்கமாட்டாங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

எடைக்காரி அன்றே கடைக்குப் போய் ஒன்றாம் நம்பர் பஞ்சை வாங்கினாள். பேரம் பேசவில்லை. கடைக்காரர் ஒரு நிமிஷம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுத்தார். இரண்டு நாளில் போர்வை தயார். அவள் கையால் தைத்ததிலேயே நல்ல போர்வை அதுதான் என்று அவளுக்கே தோன்றியது.

மறுநாள் காலை அது தரையில் கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மாமியார் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கால் ஜில்லென்று இருந்தது.

"ஏன் அத்தை, போர்வை என்ன பண்ணுச்சு?"

"நழுவிடுச்சு."

தினமும் நழுவுமா ஒரு போர்வை? எடைக்காரிக்கு மனசு எரிந்தது. என் கையால் செய்தது ஆகாது, வேறென்ன என்று நினைத்துக்கொண்டாள். எடுத்துப் போர்த்தினாள், காலையில் மறுபடி தரையில். மூன்றாவது வாரம் நாத்தனார் வந்தாள். வந்த நேரம் காலை ஏழு மணி. போர்வை தரையில், அம்மா போர்த்தாத உடம்போடு கட்டிலில், கூடவே இருமல்.

"அண்ணி, உங்களக் குத்தம் சொல்லல. வேலை செய்யிற வீடு, உங்களால முடியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்" என்றாள் நாத்தனார். குற்றம் சொல்லவில்லை என்று ஆரம்பித்தால் அது எதில் முடியும் என்பது குடும்பத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

கிழவி என்றைக்குப் போவாள், நாம் என்றைக்கு நிம்மதியாக ஒரு காபி குடிப்போம் என்று முப்பது வருஷமாக ஏங்கியவள்தான். இப்போது போகிறார் என்றதும், கட்டில் காலியாகக் கிடக்கும் அந்த அறையை நினைக்கப் பிடிக்கவில்லை. இது என்ன கூத்து என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்று கண்ணில் பட்டது. பரீட்சைச் சதுரங்களை நம்பர் வரிசைப்படி அலமாரியின் கீழ்த்தட்டில் அடுக்கியிருந்தாள். நாலாம் நம்பர் இரண்டும் மேலே இருந்தன. அடியில் வைத்தாள். மறுநாள் மறுபடி மேலே. எடுத்து முகர்ந்தால் தைல வாசனை. கணவர்தான் முழங்காலுக்குத் தைலம் போட்டுக்கொண்டு கால் வைக்க எடுத்திருப்பார் என்று அவருக்கு ஒரு பாட்டு விட்டாள். மனிதர் வழக்கம்போல் வாங்கிக்கொண்டார்.

புதன்கிழமை பஞ்சுக்கடை பூட்டியிருந்ததால் மத்தியானமே வீடு திரும்பினாள். மாமியார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். தைலம் தடவிய நெஞ்சின்மேல் நாலாம் நம்பர் சதுரம் ஒன்று, பாதத்தின்மேல் இன்னொன்று. நடுவே முழங்கால் இரண்டும் வெறுமனே. பெரிய போர்வை கட்டிலுக்குக் கீழே. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

எடைக்காரி வாசற்படியிலேயே நின்றாள். பிறகு மெதுவாகப் போர்வையை எடுத்துவந்து, இருபத்திரண்டு வருஷத்தில் செய்ய மறந்த ஒரு காரியத்தைச் செய்தாள். தைத்து முடித்த போர்வையைத் தராசில் மாட்டினாள். நாலரைக் கிலோ. பஞ்சை வாங்கும்போது எடை பார்ப்பாள். அது யார்மேல் கிடக்கப்போகிறது என்று பார்த்ததில்லை. முப்பத்திநாலு கிலோ உடம்பின்மேல் நாலரைக் கிலோவை ஏற்றிவைத்தால் கிழவி எப்படிப் புரள்வாள்? கையை எப்படி வெளியே எடுப்பாள்? இருமல் வந்தால் எழுந்து உட்காரத்தான் முடியுமா? யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவள் சறுக்கியது தன் சொந்தத் தராசில். ஆனாலும் தூங்குகிறவர் எழுந்ததும் கேட்க வாய் வரவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் கடையில், "நாலாம் ரகம் குடு தம்பி, ஒரு ஆள் அளவுக்கு" என்றாள்.

"அக்கா, அத குப்பைன்னு சொன்னது நீங்கதானே?"

"நான் சொன்னா வேதமா? வெட்டு."

மலிவுப் பஞ்சுக்கு ஒரு வழி இருக்கிறது. தையல் கோடுகளை நெருக்கிப் போட்டால் பஞ்சுக்கு ஓடிப்போக இடம் இருக்காது. பஞ்சில் மிச்சம் பிடித்ததை நூலிலும் இடுப்பு வலியிலும் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். வழக்கமாக ஒரு சாண் இடைவெளி விடுகிறவள், நாலு விரற்கடைக்கு ஒரு கோடு ஓட்டினாள். இரண்டு நாள் வேறு வேலையைத் தொடவில்லை. முடித்ததும் தராசில் மாட்டினாள். ஒன்றேகால் கிலோ. சனிக்கிழமை சாயங்காலம் ஒன்றும் சொல்லாமல் கட்டிலில் வைத்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் காலிப் பையோடு வந்தபோது மணி ஒன்பது. மாமியார் சுவரைப் பார்த்து ஒருக்களித்து, காலை மடக்கிக்கொண்டு, போர்வையைக் காதுவரை இழுத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் புரண்டு படுத்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. மகள் எழுப்பினாள்.

"கெளம்பலாமாம்மா?"

"எங்க? இப்பத்தான் தூக்கமே வருது. குளிர் போகட்டும், பாப்போம்."

நாத்தனார் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாரையும் போல இரண்டு கையாலும்தான். "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே இது" என்றாள். பிறகு கட்டிலுக்கு அடியில் இருந்த பழையதையும் தூக்கிப் பார்த்தாள். அம்மா பக்கம் திரும்பினாள். "கனமா இருக்குன்னு வாயத் திறந்து ஒரு வார்த்தை அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

பக்கத்து அறையில் எடைக்காரி தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது.

"எப்படிச் சொல்றது?" என்றார் மாமியார். "அந்தப் பஞ்ச வாங்கிட்டு வந்தன்னிக்கு உங்க அண்ணன் விலையக் கேட்டு வாயப் பொளந்தான். 'அத்தைக்குத்தானே, நல்லதா இருக்கட்டும்'னு அவ சொன்னது என் காதுல விழுந்துச்சு. முப்பது வருஷத்துல அன்னிக்கு ஒரு தடவைதான் அப்படிச் சொன்னா. அதப் போய் கனமா இருக்கு, தூக்க முடியலன்னு சொல்லச் சொல்றியா?"

எடைக்காரிக்குக் கண் மறைத்தது. அழுவதை நாத்தனார் பார்த்துவிடக் கூடாதென்று மெஷினை ஓட்டினாள். ஊசியில் நூல் கோக்கவில்லை என்பது ஒரு முழம் ஓட்டியபிறகுதான் தெரிந்தது.

"ஏம்மா" என்று கட்டிலிலிருந்து மாமியார் குரல் வந்தது. "மூணாவது கோடு கோணலாப் போயிருக்கு."

எழுந்து போய்ப் பார்த்தாள். கோணல்தான்.

"பிரிச்சுத் தரேன் அத்தை" என்றாள்.

"வேண்டாம், இருக்கட்டும்" என்று மாமியார் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் புரண்டு படுத்தார்.