ஷூட்டிங்குக்கு அடிச்ச நீலம்

எங்க லயத்துல, அதாவது வரிசையா ஒட்டிக் கிடக்கிற எஸ்டேட் வீடுகள்ல, என் வீட்டைத்தான் சினிமாக்காரங்க தேர்ந்தெடுத்தாங்க. இதே தேவிகுளம் பக்கம் தேயிலைக் கொழுந்து கிள்ளுற அம்மாவுக்குப் பிறந்து, கம்ப்யூட்டர் கம்பெனி நடத்திப் பெரிய ஆளான ஒருத்தரோட கதையாம். அவர் பிறந்த வீடா என் வீடு வரப்போகுது. எனக்குத் தலைகால் புரியல.

கோயமுத்தூர்ல காலேஜ் படிக்கிற என் மக, இதுவரைக்கும் ஒரு சிநேகிதியைக்கூட வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. கேட்டா, "பார்க்கலாம்மா"ம்பா. எனக்குத் தெரியாதா என்ன? பெத்தவளாச்சே. படத்துல பார்த்தாவது, இதுதான் எங்க வீடுன்னு நாலு பேர்கிட்ட தலைநிமிர்ந்து சொல்லட்டும்னு நினைச்சேன். ஷூட்டிங்குக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நானும் அவ அப்பாவும் கோயில் திருவிழாவுக்குச் செய்யுற மாதிரி வீட்டைக் கழுவி, நீலப் பெயின்ட் அடிச்சோம். எங்களைப் பார்த்துட்டு பக்கத்து வீட்டுக்காரங்களும் சுண்ணாம்பைக் கரைச்சிட்டாங்க. லயமே கல்யாண வீடு மாதிரி இருந்துச்சு.

ஷூட்டிங் அன்னைக்குக் காலையில வந்த மேனேஜர் தலையில கையை வச்சுட்டார்.

"எந்தா சேச்சி இது! அந்தக் கரி படிஞ்ச சுவருக்காகத்தானே இந்த வீட்டையே எடுத்தோம்?"

அடப்பாவிகளா, அதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! நாங்க அடிச்ச நீலத்து மேல செம்மண்ணையும் கரியையும் கரைச்சுப் பூசினாங்க. வாசல்ல கிழிஞ்ச சாக்கைத் தொங்கவிட்டாங்க. லயத்து சனமெல்லாம் வேடிக்கை பார்த்துச்சு. எனக்கு முகத்தை எங்கே வச்சுக்கிறதுன்னே தெரியல. அவங்க வண்டி கிளம்பின மறுநாளே சுவரைத் தேய்ச்சுக் கழுவி, திரும்பவும் நீலம் அடிச்சேன்.

போன வாரம் படம் வந்துச்சு. அந்த வீட்டு முன்னாடி ஹீரோ நின்னு அழுதப்போ தியேட்டரே கைதட்டுச்சாம். மக போன் பண்ணினா. அவ குரல்ல அப்படியொரு சந்தோஷத்தை நான் கேட்டதே இல்ல.

"அம்மா, அது எங்க வீடுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்! ஓணம் லீவுக்கு சிநேகிதிங்களைக் கூட்டிட்டு வர்றேன்."

"வாங்கடி, வாங்க. கோழி அடிச்சுக் குழம்பு வைக்கிறேன்"னேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு.

"சுவரு அப்படியே இருக்குல்ல?"

"எப்பவோ கழுவிட்டேனே. பளிச்சுன்னு இருக்கு."



"அய்யோ அம்மா... அந்தச் சுவரு முன்னாடி போட்டோ எடுக்கத்தான் அவங்க வர்றாங்க. கொஞ்சம் கரியைப் பூசி வைக்கிறியா?"

சரின்னுட்டு போனை வச்சேன். "மக என்ன சொல்றா?"ன்னு அவ அப்பா ஆசையா கேட்டார். சிநேகிதிங்களோட வர்றாளாம்னு மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.