ஒரே எபிசோடில் முடிந்திருக்கும்

அப்பா ஆங்கில சீரியல் பார்க்க ஆரம்பித்ததற்கு நான்தான் காரணம். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, வேலைக்கான அழைப்பு இதோ வருகிறது அதோ வருகிறது என்று நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்திருந்த வருடம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த பெரியம்மா மகன் சாக்லேட்டோடு ஒரு டிவிடி பெட்டியையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். ஒரு முழு சீசன், ஐந்து வட்டுகள். அட்டையில் பூவாளியும் கையுமாக ஒரு நடுவயதுத் தம்பதி சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வரிசையாக ஒரே மாதிரி வீடுகள்.

"நம்ம பிளாக் மாதிரியே இருக்குதே" என்றார் அப்பா. அப்படித்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

கதை சிம்பிள். பக்கத்து வீட்டு ஆள் இந்தத் தம்பதியின் ஈரப்படியில் வழுக்கி விழுந்து செத்துப்போகிறான். மறுநாள் தெருவில் தோட்டப் போட்டி. போட்டி முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்று அவனைத் தூக்கி ஃப்ரீசரில் வைக்கிறார்கள். அவ்வளவுதான், அந்த ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதை மூட மற்றொன்று என்று சீசன் முழுக்க ஓடுகிறது. சிரிப்பும் வரும், வயிற்றையும் கலக்கும்.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். ரிட்டயர்மெண்டுக்குச் சில மாதங்களே இருந்தன. ஒரு மெமோ கூட வாங்கினதில்லை என்பதை, மற்றவர்கள் பிள்ளைகளின் மார்க்கைச் சொல்வதுபோல் சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு எபிசோடு முடிவிலும் தொடையில் தட்டி அதையே சொன்னார்.

"மொதல்லயே போலீஸ்ல சொல்லியிருந்தா ஒரே எபிசோடுல முடிஞ்சிருக்கும். முட்டாப் பசங்க."

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே அம்மா கேட்பாள். "அப்பறம் மீதி தட்டுல என்னத்த காட்டுவான்?"

நெய்வேலியில் மயிலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வரிசைக்கென்று ஒன்று இருந்தது. எந்த நாயிடம் சிக்கியதோ, தோகை பாதிதான். காலையில் எங்கள் சமையலறைப் படிக்கு வரும், பிறகு எதிர்வீட்டுக்குப் போகும். எதிர்வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கம். ஒரே மகன் தூரத்தில் ஹாஸ்டலில். தினமும் ஒரு தட்டில் பொரி வைத்து "வாடே, தின்னுட்டுப் போ" என்று மகனைக் கூப்பிடுவதுபோலவே மயிலையும் கூப்பிடுவார். அம்மாவுக்கு அந்த டவுன்ஷிப்பிலேயே இருந்த ஒரே தோழி அவர்தான். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அங்கே போகும், அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி இங்கே வரும்.

அம்மாவின் எதிரி பெருச்சாளி. பின்கட்டில் ஆசையாகப் போட்டிருந்த மரவள்ளியை ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிப் போட்டுவிடும். பொறுத்துப் பார்த்து, ஒருநாள் மசால் வடையில் எலி மருந்து வைத்து, மேலே உடைந்த ஓடு ஒன்றைச் சாய்த்து மூடிவிட்டாள்.

மறுநாள் அப்பாவுக்கு ஆஃப். மத்தியானம் துணி எடுக்கப் போன அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பின்கட்டைக் கையால் காட்டினாள். நாங்கள் போய்ப் பார்த்தோம். ஓடு புரண்டு கிடந்தது. மரவள்ளிப் பாத்தியில் மயில் கழுத்தை மடித்துக் கிடந்தது. அவ்வளவு அழகான நீலத்தில் எறும்பு ஊர்ந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மயிலுன்னா கேஸு" என்றார் அப்பா. அம்மாவைப் பார்த்தார். அவள் பெயரில் ஒரு கேஸ், தன் பெயரில் ஒரு விசாரணை, இந்தக் கடைசி மாதங்களில். அவர் முகத்தில் அத்தனையும் ஓடியது. போனைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். மண்வெட்டியை எடுத்தார்.

"இருட்டட்டும்ப்பா" என்றேன்.

"ராத்திரிலதான் செக்யூரிட்டி ரவுண்டு வருவான். அந்த முட்டாப் பசங்களும் ராத்திரில பண்ணித்தான மாட்டிகினாங்க? மத்தியானம் மூணு மணிக்கு ஊரே தூங்கும்."

அடப்பாவி மனுஷா, சீரியலைத் திட்டிக்கொண்டே பாடமும் படித்திருக்கிறாரே என்று அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது. மூன்று மணிக்குத் தோண்டினார். பாதித் தோகையும் கோணிக்குள் அடங்கவில்லை. நான்தான் மடித்துப் பிடித்தேன். மண்ணை மூடியதும் அம்மா ஒரு வாழைக்கன்றைக் கொண்டுவந்து நட்டாள். பிறகு மூவரும் கை கழுவிக்கொண்டு டீ குடித்தோம்.

மறுநாள் காலை எதிர்வீட்டு அக்கா பொரித்தட்டோடு வந்து நின்றார். "ஏக்கா, மயிலப் பாத்தியளா? ரெண்டு நாளா காங்கல."

"பாக்கலியே" என்றாள் அம்மா. அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் பேருக்குக் கொறித்தாள். அக்கா நாலு தெரு தள்ளிப் போயெல்லாம் தேடினார். அவர் கூப்பிடும் குரல் எங்கள் வீட்டுக்குள் கேட்கும். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரிசையே எங்கள் வாசலுக்கு வந்தது. புல் வெட்ட வரும் கான்ட்ராக்ட் ஆள் மேல் சந்தேகம். கம்மாபுரம் பக்கத்துக்காரர், வீட்டு மாட்டுக்குப் புல்லைக் கோணியில் கட்டி சைக்கிளில் எடுத்துப் போவார். அந்தக் கோணியில் போனது புல்தானா என்று ஒருவர் ஆரம்பித்தார். பிடித்துத் தின்றிருப்பான் என்று இன்னொருவர் முடித்தே விட்டார். காலையில் கான்ட்ராக்டரிடம் போய் ஆளை நிறுத்தச் சொல்ல வேண்டுமாம். அதற்கு அப்பா முன்னால் வர வேண்டுமாம்.

"நீங்க சொன்னா மறுபேச்சு இருக்காது சார். உங்க பேரு அப்படி."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து நின்றார்.

"அந்த ஆளு ஒண்ணும் பண்ணல. எலி மருந்து வெச்சது நானு. மயிலு அத தின்னுடிச்சி. பின்னாடி வாழைக்கடியில பொதச்சிருக்கறன்."

வந்தவர்களுக்குக் காபித்தட்டு ஏந்தி வந்த அம்மா கதவருகில் அப்படியே நின்றுவிட்டாள். ஒருவர் செருமினார். எதிர்வீட்டு அக்கா மட்டும் "அண்ணாச்சி, நீங்களா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார். காபி அப்படியே ஆறிப்போனது.

எல்லோரும் போனதும் எனக்கு அம்மா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளே சொல்லியிருக்கலாமே. அவளும் அதைத்தான் சொன்னாள். "இப்பவே போயி நாந்தான்னு சொல்லிட்டு வந்துடறன்" என்று செருப்பை மாட்டினாள். அப்பா விடவில்லை.

"எனக்கு ஷிப்டு இருக்குது, பஸ்ஸு இருக்குது, மைன்ஸு இருக்குது. பேச நூறு பேரு இருக்கறான். ஒனக்கு அந்தப் பொண்ண வுட்டா இங்க யாரு இருக்கறா?"

அவர் அம்மாவிடம் இப்படியெல்லாம் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தெரிந்து அவர் ஊரறியச் சொன்ன ஒரே பொய் அது. அதைச் சொன்ன அதே வாயால்தான் உண்மையையும் ஒப்புக்கொண்டிருந்தார். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

புல் வெட்டுகிறவர் வழக்கம்போல் வந்துபோனார். தன் பிழைப்பு ஒரு சாயங்காலம் ஊசலாடியது அவருக்குத் தெரியவே தெரியாது. கேஸ் என்று யாரும் வெளியே போகவில்லை. போக வேண்டாம் என்று ஒவ்வொரு வீடாகச் சொன்னது எதிர்வீட்டு அக்காதான் என்று பிறகு கேள்விப்பட்டோம். ஆனால் அப்பாவிடம் அவர் பேசவில்லை. அப்பா வெளியே வந்தால் உள்ளே போய்விடுவார். அம்மாவுக்கு மட்டும் சொதி வந்துகொண்டே இருந்தது. மைன்ஸில் அப்பாவுக்கு நடந்த வழியனுப்பு விழாவுக்கு எங்கள் வரிசையிலிருந்து ஒருவரும் வரவில்லை. மாலையும் சால்வையுமாக வாசலில் வந்து இறங்கியவர் எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

மீதி வட்டுகளையும் பார்த்தோம். எபிசோடு முடிந்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார். அடுத்ததைப் போடு என்று கை மட்டும் காட்டுவார்.

குவார்ட்டர்ஸைக் காலிசெய்து பண்ருட்டிப் பக்கம் திருவதிகையில் வாடகைவீடு பார்த்துக்கொண்டோம். சாமான் லாரியில் ஏறியாயிற்று. எதிர்வீட்டு அக்கா ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்பா நாலடி தள்ளி, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நின்றார். அம்மா அந்த அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது அவரு இல்லம்மா. எலி மருந்து வெச்சது நான். சத்தியமா நாந்தான்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "போற நேரத்துலயும் புருசன விட்டுக்குடுக்க மாட்டியளேக்கா. ஒங்க மனசு அவியளுக்கு வருமா?"

அம்மா மறுபடி சொன்னாள். அக்கா அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

லாரி டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டியது. அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தாள். மிச்சத்தைச் சொல்லவில்லை. அப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டே அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பண்ருட்டி வரும்வரை விடவில்லை.