ஒரு கட்டத்தை நிரப்பப் பசியாவரம் போனேன்

காலை ஏழு மணிக்குச் சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறினேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய் டிக்கெட். மடியில் லேப்டாப். லேப்டாப்பில் மூன்று தரவுத்தளங்களை இணைத்த ஒரு பெரிய அட்டவணை. அந்த அட்டவணையில் காலியாக ஒரே ஒரு கட்டம். பழவேற்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் உண்டு, நண்டு தின்னப் போகிறவர்கள் உண்டு. கட்டம் நிரப்பப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் தொழில்நுட்பப் பயிற்சிக்குச் செலவாகும் பணத்துக்குத் தகுந்த பலன் இருக்கிறதா என்று கணக்குப் பார்க்கும் ஆய்வு ஒன்றில் சம்பளத்துக்கு இருக்கிறேன். யாருக்கு என்ன பயிற்சி, எவ்வளவு செலவு என்பது முதல் தரவுத்தளம். பணியில் அவர் என்ன செய்தார் என்பது இரண்டாவது. ஓய்வு பெற்றபின் என்ன செய்கிறார் என்பது மூன்றாவது. மூன்றையும் ஒட்டினால் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று எங்கள் மேலாளர் அம்மாவுக்கு நம்பிக்கை. வந்தது. கூடவே தேசப்பன் என்பவரும் வந்தார். பட்டியலிலேயே விலை உயர்ந்த பயிற்சி, வயர்லெஸ் கருவிகளைப் பழுது பார்ப்பது, அவருக்குத்தான் கிடைத்திருந்தது. ஓய்வுக்குப் பின் தொழில்: மீன்பிடித்தல். 'பெற்ற பயிற்சி இப்போது பயன்படுகிறதா? ஆம் / இல்லை' என்ற இடம் மட்டும் காலி.

"இந்த ஒரு ஆள் என் சராசரியையே கெடுக்கிறார். நேரில் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்றார் மேலாளர்.

தூக்கக் கலக்கத்தில் ஒரு ஸ்டேஷன் முன்பாகவே அனுப்பம்பட்டில் இறங்கித் தொலைத்தேன். அடுத்த ரயில் பிடித்துப் பொன்னேரி போய், அங்கிருந்து பேருந்தில் இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாகக் குலுங்கிப் பழவேற்காடு சேர்ந்தபோது பத்து மணி. ஏரிக்கு நடுவே தீவாக இருக்கும் தேசப்பனின் ஊரான பசியாவரத்துக்குப் பாலத்தின் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. பாலம் வரும்வரை படகுதான், ஆளுக்கு இருபது ரூபாய்.

படகுக்காரர் பெயர் ஏழுமலை. தேசப்பனைப் பார்க்க வேண்டும், அவர் ராணுவத்தில் படித்த மெக்கானிக் வேலையை இப்போது செய்கிறாரா என்று தெரிய வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம தேசப்பனா? இன்னா சார் இப்டி கேட்டுட்ட! ஊர்ல மீன் புடிக்கிற மெசினு, இஞ்சினு, டிவி, மிக்ஸி எல்லாம் அவுரு வூட்லதான் ரிப்பேரு. மீன்புடிக்கிறது சும்மா பேருக்கு. மெக்கானிக்குனே எழுதிக்க. நல்லா பெருசா எழுதிக்க."

இறங்கும்போது காசும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஒரு மனிதர் பக்கத்து வீட்டுக்காரரை இவ்வளவு புகழ்ந்து நான் பார்த்ததில்லை. மீனவர்களின் பெருந்தன்மை பற்றி மனதுக்குள் ஒரு பத்தியே எழுதி முடித்துவிட்டேன்.

பதினொரு மணிக்குத் தேசப்பனின் வீடு. வாசலில் அவர் மனைவி கஸ்தூரி இறால் பிரித்துக்கொண்டிருந்தார். கொண்டையில் ஒரு ஸ்குரூ டிரைவர் செருகியிருந்தது. நண்டு ஓட்டை உடைக்க வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வந்த காரியத்தைச் சொன்னதும் இறால் கூடையைத் தள்ளிவைத்து எழுந்தார்.

"மெக்கானிக்கா? இந்தாளா? ஒரு பல்பு மாட்டத் துப்பு கெடயாது சார். இந்தக் கைய பாருங்க, ஸ்குரூவத் தொட்டு எவ்ளோ வருசம் ஆவுது! கவர்மெண்டு பணத்தத் தண்டமாத் தின்னுட்டு வந்து குந்திகினு கீறாரு. இல்லனு எழுதிக்கினு கெளம்புங்க."

தேசப்பன் கயிற்றுக் கட்டிலில் அமர்ந்து, வேறு யாரையோ பற்றிப் பேசுவதைப் போலப் புன்னகை செய்துகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். "நீங்க சொல்லுங்க சார்" என்று அவரைக் கேட்டேன். "வூட்ல சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார். ஊரான் ஒருவன் மேதை என்கிறான், கட்டிய மனைவி தண்டம் என்கிறார். மூன்று தரவுத்தளத்தை ஒட்டினேனே, இந்த இரண்டு வாயை எதை வைத்து ஒட்டுவது?

"ஏழுமலை வேற மாதிரி சொன்னாரே" என்று வாயை விட்டேன். கஸ்தூரி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகுதான் விஷயம் புரிந்தது.

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதற்குப் பாடு என்று பெயர்.

"வேற தொழில் பாக்கறவனுக்குப் பாட்டுல பங்கு கெடயாது. அது ஊர்க்கட்டு" என்றார் கஸ்தூரி. "பாட்டுல எடமும் இவ்ளோதான். ஒருத்தன் போனாத்தான் இன்னொருத்தன் வரலாம். ஏழுமலைக்குத் தம்பி கீறான், புதுசா கண்ணாலம் ஆனவன். எங்க எடத்து மேல கண்ணு. இன்னிக்கி சாயங்காலம் கோயிலாண்ட சீட்டு எடுக்கறாங்க. இன்னிக்கினு பாத்து வந்துட்டீங்க, மெக்கானிக்குனு எழுத!"

என் கட்டத்துக்கும் உங்கள் ஏரிக்கும் சம்பந்தமே இல்லை, இது எங்கள் அலுவலகத்தோடு சரி என்று சத்தியம் செய்தேன். "ஒரு கட்டத்துக்காக எவனாவது மெட்ராஸ்லேர்ந்து வருவானா?" என்று கேட்டார். கோபத்தோடேயே இறால் தொக்கும் சோறும் போட்டார். அந்தத் தொக்குக்காக நான் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்திருப்பேன்.

நாலரை மணிக்குக் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஆண்கள் மணலில் உட்கார்ந்தார்கள், பெண்கள் பூவரச மரத்தடியில் நின்றார்கள். நினைத்தபடியே ஏழுமலை எழுந்தார். தேசப்பனுக்கு வேறு தொழில் இருக்கிறது, சாட்சிக்குக் கவர்மெண்ட் ஆபீசரே வந்திருக்கிறார் என்று என்னைக் கை காட்டினார். நான் ஒப்பந்த ஊழியன். பதவி உயர்வு இப்படி வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

ஊர்த் தலைவர் மைக்கைப் பிடித்து, "நீங்க சொல்லுங்க சார், அவுரு மெக்கானிக்கா, இல்லியா?" என்றார்.

நான் எழுந்தேன். எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. எதைச் சொன்னாலும் ஒரு குடும்பத்தின் அடுப்பில் போய் முடியும். வாயைத் திறந்த நேரத்தில் மைக் செட் கீச்சென்று அலறி, அப்படியே அடங்கிப்போனது.

மைக் இல்லாமல் சீட்டு வாசிக்க முடியாதாம். முன்பொரு தடவை காதில் விழவில்லை என்று அடிதடி ஆகியிருக்கிறது. ஊரே தேசப்பனைத் திரும்பிப் பார்த்தது. ஏழுமலை ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிவந்து அவர் மடியில் வைக்காத குறையாக வைத்தார். தேசப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நெற்றி வியர்த்தது. பசித்தவன் முன்னால் பிரியாணிப் பொட்டலத்தை வைத்ததைப் போல அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரத்தடியிலிருந்து கஸ்தூரி வந்தார். கொண்டையிலிருந்து ஸ்குரூ டிரைவரை உருவினார். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு ஒயரில் கை வைத்தபோது தேசப்பன் இருமினார். இன்னொன்றில் வைத்தார். மறுபடி இருமல்.

"இருமாதய்யா! எனக்குத் தெரியும்" என்றார் கஸ்தூரி. ஒயரைப் பல்லால் சீவி, முறுக்கி, செருகி, பெட்டியை ஒரு தட்டு தட்டினார். "ஹலோ" என்று மைக்கில் அவர் குரல் ஏரிவரை போனது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழுமலை சொன்னதும் பொய்யில்லை, ரிப்பேரெல்லாம் அந்த வீட்டில்தான். கஸ்தூரி சொன்னதும் பொய்யில்லை, தேசப்பன் ஸ்குரூவைத் தொடுவதில்லை. லீவில் வந்தபோதெல்லாம் அவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். ஊருக்கும் இது தெரியும் என்பது தலைவரின் சிரிப்பிலிருந்து தெரிந்தது.

"அப்ப மெக்கானிக்கு நீதானா?" என்று கத்தினார் ஏழுமலை.

"ஆமா, நான்தான். பொம்பளைக்குப் பாடும் கெடயாது, பங்கும் கெடயாது. எங்கிட்டேர்ந்து இன்னாத்தப் புடுங்குவ?"

மரத்தடியில் பெண்கள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று. தலைவர் என்னைப் பார்த்தார். "அவர் கை வைத்து நான் பார்க்கவில்லை" என்றேன். தேசப்பன் பெயரும் சீட்டில் விழுந்தது.

ஆறு மணிக்குக் கரையில் ஏழுமலை நாற்பது ரூபாய் கேட்டார், காலையில் வாங்காததையும் சேர்த்து. வழியனுப்ப வந்த கஸ்தூரி என் பையைக் காட்டினார்.

"அதுல எம்பேரு எங்கனாச்சும் கீதா?"

லேப்டாப்பைத் திறந்து தேடினேன். பயிற்சித் தரவுத்தளத்தில் இல்லை. தொழில் தரவுத்தளத்தில் இல்லை. பணி விவரத்தில் ஓர் இடத்தில் இருந்தது. படித்துச் சொன்னேன்: அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தகவல் தெரிவிக்க வேண்டிய நபர்.

கஸ்தூரி சிரிக்கவில்லை. "அவருக்கு ஒண்ணுன்னா எனக்குச் சொல்லணும். எனக்கு ஒண்ணுன்னா இந்தக் கரையில ஒரு இஞ்சினும் ஓடாது. அதையும் எழுதிக்க" என்றார்.

அதை எழுத இடம் இல்லை. இரவு ரயில் அனுப்பம்பட்டைத் தாண்டும்போது 'ஆம்' என்பதை அழுத்தினேன். யார் கையில் என்று கட்டம் கேட்கவில்லை.