கோர்ட்டில் ஓடிய கல்யாண வீடியோ

மேல்முறையீட்டு நீதிபதியின் மேஜைமேல் எங்கள் வக்கீலின் லேப்டாப் திறந்திருந்தது. அதில் என் மாமா ஆடிக்கொண்டிருந்தார். கோட்டும் டையும் அணிந்த மனிதர். வலது கை ஒரு தாளத்துக்கும் இடது கால் வேறொரு தாளத்துக்கும் போக, மாப்பிள்ளையின் மாலையையே பிய்த்துவிடுவார் போலிருந்தது. நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். நிஜ மாமா கூண்டில் தலைகுனிந்து நின்றார். பதினோரு மாதம் சிறையில் இருந்தபோதுகூட அவர் இவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

மாமா அம்மாவின் தம்பி. சேலையூரில் எங்களோடுதான் இருந்தார், பள்ளிக்கூடமொன்றில் லேப் அசிஸ்டென்ட் வேலை. ஒருநாள் மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுப் பக்கத்துக் கேம்ப் ரோட்டில் பைக்கில் வந்த ஒருவன், ஓய்வுபெற்ற அம்மாள் ஒருவரின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனான். மாமாவுக்கு இருப்பதுபோலவே அதே நிற பைக், அதே உடல்வாகு, அதே மீசை. போலீசார் நிறுத்திய வரிசையில் அந்த அம்மா மாமாவை அடையாளம் காட்டினார். அந்த நேரத்தில் மாமா, ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் கோவளத்தில், கூட வேலை பார்ப்பவரின் ரிசப்ஷனில் இருந்தார். அவரோடு போயிருந்த அம்மாவும் நானும் சாட்சி சொன்னோம். சொந்தக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒதுக்கிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கோ, மாமா வந்தது நினைவிருந்தது, எப்போது போனார் என்பது நினைவில்லை. மூன்று வருடத் தண்டனை.

சிறையில் பார்க்கப் போனபோது மாமா முணுமுணுத்தார்: "அரை மணி நேரம் ஆடினேன் பாப்பா. கல்யாண வீடியோல ஒரு செகண்ட்கூட இல்லையே!"

நேராக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். அவர் நெளிந்தார். "தப்பா நினைக்காதீங்க. பாக்க சகிக்கலைன்னு அப்பாதான் எடிட்டிங்ல தூக்கச் சொன்னாரு." பிறகு திடீரென்று எழுந்து நின்றார். "இருங்க, தோஹால இருக்கற எங்க அக்காவுக்காக லைவ் போட்டோமே!"

அந்த அக்கா போனில் கலகலவென்று சிரித்தார். "அத அழிப்பேனா? மனசு சரியில்லன்னா அதத்தான் போட்டுப் பாப்பேன்." நான் விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அன்றைக்கே அனுப்பிவைத்தார். மாமாவின் தலைக்கு மேலே மண்டபத்துக் கடிகாரம் ஏழு மணியைத் தெளிவாகக் காட்டியது. வீடியோ உண்மையானதுதானா என்று நிபுணர்கள் பார்த்துச் சொன்ன பிறகு, நீதிபதி மாமாவை விடுதலை செய்தார். எங்கள் சர்ச்சில் கேக் வெட்டினார்கள். ஆடச் சொல்லிக் கெஞ்சினார்கள். மாமா மறுத்துவிட்டார்.

அடுத்த வாரம், சங்கிலியைப் பறிகொடுத்த அந்த அம்மா தன் மகளோடு வந்து வாசலிலேயே நின்றார். "சத்தியமா நீதான்னு நெனச்சேம்பா." மாமா தான் இழந்த மாதங்களைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மகள்தான் பேசினாள்: சங்கிலி போன நாளிலிருந்து அம்மா தெருவில் கால் வைப்பதில்லை, கோயிலுக்குக்கூடப் போவதில்லை, இன்றுதான் முதல்முறை வெளியே வந்திருக்கிறார்.

மாமா செருப்பை மாட்டினார். "கோயில் எதுவரைக்கும் தொறந்திருக்கும்மா? வாங்க, நானும் வரேன்."

இப்போதும் வெள்ளிக்கிழமை மாலைகளில் இருவரும் கேம்ப் ரோட்டு ஓரமாக நடந்து போகிறார்கள். அந்த அம்மா சாமி கும்பிட்டு வரும்வரை மாமா வெளியே நிற்பார். போன வாரம் நானும் போயிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பைக் உறுமிக்கொண்டு வந்தது. அந்த அம்மா சட்டென்று மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.