மெயின் சுவிட்சை இறக்கிய ஆடிக் கிருத்திகை

உங்கள் அம்மாவுக்குக் கடை நடத்தத் தெரியாது என்று ஒரு மனிதர் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரை நான் என்ன செய்தேன் என்பதை நீங்கள் இருவரும் என் வாயால் தெரிந்துகொள்வதுதான் நல்லது. ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நான் ஒன்பதாவதோடு நின்றவன், எழுத்து முன்னே பின்னே இருக்கும். நடந்ததை மட்டும் மாற்றாமல் எழுதுகிறேன்.

அப்போது நம் குளிர்பானக் கடை முருகன் கோயில் மலையடிவாரத்தில், வெளியூர் பேருந்துகள் வந்து நிற்கும் பக்கமாக, ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. முன்பக்கம் நம் கடை. பின்பக்கம் வரிசையாகக் குளியலறைகள். அவற்றை ஓனரே நடத்தினார். மொட்டை போட்டுக்கொண்டவர்கள் குளிக்காமல் மலையேற முடியாது. கழுத்தெல்லாம் முடி ஒட்டிக்கொண்டிருக்கும், குளித்த பிறகுதான் தலையில் சந்தனம் வைக்க முடியும். அதனால் கிருத்திகை, செவ்வாய் என்றால் அந்த அறைகளுக்கு முன்னால் துண்டும் கையுமாக ஆட்கள் நின்றுகொண்டே இருப்பார்கள்.

வாடகை பேசும்போது ஓனர் கரண்ட் விஷயத்தைத் தெளிவாகத்தான் சொன்னார். கடைக்குத் தனி மீட்டர், அதில் வருகிற பில் மட்டும் எங்களுடையது. குளியலறைகளுக்கும், அவற்றுக்குத் தண்ணீர் ஏற்றும் போர் மோட்டாருக்கும் அடுத்த தெருவில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து தனி லைன் வருகிறது. சொல்லிவிட்டு மதில்மேல் தொங்கிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு ஒயரைக் கையால் காட்டினார். நானும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினேன்.

முதல் பில் வந்ததும் வேறு கடையின் பில்லோ என்று பெயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக் கரண்டுக்கு ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட யூனிட்டுக்குள் இருந்தால் ஒரு விலை. அதைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்குமே கூடுதல் விலை. நாங்கள் ஒவ்வொரு முறையும் தாண்டினோம். ஃப்ரீசர், ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஒரு ஃபேன், ஒரு டியூப்லைட். இவ்வளவுதான் கடையில் இருந்த சாமான்.

எது எவ்வளவு தின்கிறது என்று ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தோம். ஃப்ரீசரைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தோம், முதுகுப்பக்கம் காற்று பட்டால்தான் அது கொஞ்சமாக ஓடும். வெயில் அடிக்கிற பக்கம் தென்னங்கீற்றுப் படல் கட்டினேன். பால் காய்ச்சியதும் சூட்டோடு ஃப்ரிட்ஜில் வைக்காமல், ஆறவைத்து உள்ளே வைத்தாள் அம்மா. டியூப்லைட்டைக் கழற்றி எல்.இ.டி. போட்டோம். ஃபேனை நிறுத்தினோம். பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கடைக்குள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு நீங்கள் வீட்டுப்பாடம் எழுதியது எனக்கு மறக்காது. சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் நாள் முழுக்க மிக்ஸி முன்னால் நின்றவள் உங்கள் அம்மா.

அப்படியும் பில் இறங்கவில்லை. இதெல்லாம் செய்ததால் நமக்குக் குறைந்தது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்றே தெரியவில்லை.

ஓனர் சாயங்காலமானால் கடைக்கு வந்து உட்காருவார். ரோஸ்மில்க் குடிப்பார், காசு கொடுக்கும் வழக்கம் கிடையாது. பில்லைப் பற்றி நான் புலம்பினால் கருணையோடு கேட்டுக்கொள்வார். ஒருநாள் அம்மாவின் காதுபடவே சொன்னார்.

“தப்பா நெனைக்காத நைனா. பொம்பளைங்க ஃப்ரிட்ஜைத் தொறந்து வெச்சிகினு கஸ்டமராண்ட கதை பேசுவாங்க. பில்லு ஏறாம இன்னா பண்ணும்? சிக்கனம் வேணும்பா.”

எங்களிடம் சொன்னதோடு நிற்கவில்லை. பூக்கடையில் சொன்னார், டீக்கடையில் சொன்னார். அந்தப் பேச்சு பஸ் ஏறி, உங்கள் அம்மா பிறந்த பொதட்டூர்பேட்டைக்கே போய்விட்டது. உங்கள் மாமாக்கள் வந்தார்கள். தங்கச்சிக்கு இந்த வியாபாரம் சரிப்படாது, ஆடி முடிந்ததும் கடையைக் காலி செய்துவிட்டு வாங்க, நம்ம தறியிலேயே இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது என்றார்கள். உங்கள் அம்மா தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தக் கடை அவள் கேட்டு வைத்த கடை. ரோஸ்மில்க்குக்குப் பால் எவ்வளவு சுண்ட வேண்டும் என்பதுவரை அவள் கணக்கு.

உண்மை வெளியே வந்தது நாங்கள் பிடித்த சிக்கனத்தால்தான். ஃப்ரீசரில் பனி கட்டியிருந்தது. பனி சேர்ந்தால் அது கூடக் கரண்ட் இழுக்கும் என்று, சாமான்களை எடுத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். ஃப்ரிட்ஜையும் துடைக்கலாம் என்று அதையும் பிடுங்கினேன். மிக்ஸி ஓடவில்லை. பகல் நேரம், லைட் இல்லை. ஃபேன்தான் எப்போதும் இல்லையே. அம்மா வாசலில் தட்டுகளைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். மீட்டர் அங்கேதான் இருந்தது.

“பாவா, கொஞ்சம் இங்க வாங்க” என்று என்னைக் கூப்பிட்டாள்.

போனேன். மீட்டரில் கரண்ட் போகப் போக ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு மின்னும். கடையில் ஒன்றுமே ஓடாதபோது அது அணைந்து கிடக்க வேண்டும். அது ஓட்டமாக மின்னிக்கொண்டிருந்தது. பின்பக்கம் போர் மோட்டார் ஓடும் சத்தம். சத்தம் நின்றது, புள்ளியும் நின்றது. மறுபடி மோட்டார் உறுமியது, புள்ளி ஓடியது. உள்ளே போய் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கினேன். மோட்டார் செத்தது. ஏற்றினேன், உயிர் வந்தது.

மதில்மேல் தொங்கிய அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். குளியலறை வாசலில் இருக்கும் ஒரே ஒரு பல்போடு அது முடிந்துவிட்டது. மோட்டாருக்கும் மற்ற விளக்குகளுக்கும் போகிற ஒயர் நம் கடைப் பரணுக்குள், நம் ஃபியூஸ் பெட்டியிலிருந்து சுவருக்குள் நுழைந்திருந்தது. ஒரே ஒரு நாள் மெயினை இறக்கியிருந்தாலும் முன்பே தெரிந்திருக்கும். ஃப்ரீசர் வைத்திருக்கிறவன் மெயினை எங்கே இறக்குகிறான்? அது ஓனருக்கு நன்றாகத் தெரியும்.

நான் அப்போதே அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். அம்மா வழியை மறித்தாள். இப்போது போய்க் கேட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ஒயரைப் பிடுங்கிவிடுவார், அப்புறம் நாம் சொல்வதை எவனும் நம்பமாட்டான், ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தவள் பழி போடுகிறாள் என்று அதையும் சேர்த்துச் சொல்வார் என்றாள். பிறகு குரலே உயர்த்தாமல் சொன்னாள்:

“எல்லாரும் இருக்கும்போது அவர் வாயாலயே சொல்லணும். ஆடிக் கிருத்திகை வரட்டும்.”

அன்றிலிருந்து அவர் வந்து உட்காரும்போதெல்லாம் ரோஸ்மில்க்கில் ஒரு கரண்டி அதிகமாகவே சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டேன். எனக்கு அது கஷ்டமாக இல்லை. உண்மையைச் சொன்னால், நன்றாக இருந்தது.

ஆடிக் கிருத்திகைக்கு அவர் புதுப் பலகை வைத்தார், எந்நேரமும் தண்ணீர் உண்டு என்று. ஆந்திரப் பக்கத்துக் காவடிக் குழுக்களிடம் முன்பணம்கூட வாங்கிவிட்டார். எங்கள் ஏற்பாடு வேறு. வருஷத்தில் பெரிய வியாபாரம் அன்றைக்குத்தான், ஆனாலும் ஐஸ்கிரீம் ஒன்றுகூட எடுக்கவில்லை. பாளம் பாளமாக ஐஸ் வாங்கி தெர்மாகோல் பெட்டிகளில் வைத்து மோரும் ரோஸ்மில்க்கும் அதில் இறக்கினோம். தண்ணீர் வண்டிக்காரரிடம் சொல்லிக் கடையோரம் டிரம் டிரம்மாக நிரப்பி வைத்தோம். சண்டை நமக்கும் ஓனருக்கும். முருகனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்கள் அதில் வாடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

விடிந்து கூட்டம் சேர்ந்ததும் மெயினை இறக்கினேன். மேலே தொட்டியில் இருந்த தண்ணீர் சீக்கிரமே தீர்ந்தது. முதலில் வாளிச் சத்தம், பிறகு கதவுகளைத் தட்டும் சத்தம். சோப்பு நுரையோடு மொட்டைத் தலைகள் ஒவ்வொன்றாக வெளியே எட்டிப் பார்த்தன. ஓனர் ஓடி வந்து கறுப்பு ஒயரிலிருந்து மோட்டாருக்கு லைன் இழுத்துப் பார்த்தார். அந்த ஒல்லி ஒயர் மோட்டாரைத் தாங்குமா? பட்டென்று அவர் வீட்டு ஃபியூஸ் போனது. எலக்ட்ரீஷியன் யாரும் அன்றைக்குக் கையில் சிக்கவில்லை.

நுரையோடு வந்தவர்களைக் கூப்பிட்டு எங்கள் டிரம்மிலிருந்து ஊற்றிக்கொள்ளச் சொன்னேன். கடைவாசலே குளமானது. காவடிக் குழுவை அழைத்துவந்த குருசாமி, பெரிய மீசைக்காரர், நனைந்த துண்டோடு ஓனரை என் கடை முன்னாலேயே நிறுத்தினார். கொடுத்த பணத்துக்குத் தண்ணீர் எங்கே என்று தெலுங்கும் தமிழுமாகக் கேட்டார். ஓனர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“மெயினைப் போடு நைனா.”

“எனக்கு இப்போ கரண்ட் வேணாங்க” என்றேன். “ஐஸ் வெச்சிக்கினு கீறேன், பாருங்க. சிக்கனம்.”

“உனுக்கு இல்லப்பா. மோட்டாருக்கு.”

“உங்க மோட்டாரு உங்க வீட்டு லைனாச்சே. என் மெயினைப் போட்டா அது எப்படிங்க ஓடும்?”

பூக்கடைக்காரர் வந்துவிட்டார், டீக்கடைக்காரர் வந்துவிட்டார். அவர்களையெல்லாம் நான் கூப்பிடவில்லை, கூட்டம் கூடினால் வரத்தான் செய்வார்கள். ஓனர் சுற்றிலும் பார்த்தார். குருசாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நகராமல் நின்றார். கடைசியில் ஓனர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“மோட்டாரு இவன் கடைக் கரண்ட்லதான் ஓடுது.”

குருசாமி மீசையைத் தடவிக்கொண்டார். “அப்போ குளிச்ச காசை நாங்க இவருகிட்டதானே குடுத்திருக்கணும்?”

கூட்டம் சிரித்தது. எனக்கு மனது குளிர்ந்துவிட்டது. அவர் சொல்லிவிட்டார், போதும் என்று நினைத்து எழுந்து மெயினில் கை வைத்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரக் கை. அவள் ஓனரைப் பார்த்தாள்.

“ஃப்ரிட்ஜைப் பத்தியும் சொல்லிடுங்கண்ணா.”

“அதான் சொல்லிட்டேனேம்மா.”

“மோட்டாரைப் பத்திச் சொன்னீங்க. நான் தொறந்து வெச்சிகினு கதை பேசறேன்னு இவங்க எல்லாராண்டையும் சொன்னீங்களே, அது?”

அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. கரண்டைத் திருடியதை ஒப்புக்கொண்ட வாய் இதற்குத் திறக்கவில்லை. அம்மா காத்திருந்தாள். பின்னால் ஒரு குழந்தை கண்ணில் சோப்பு என்று அழுதது. அவளே ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு முகத்தைக் கழுவிவிட்டு, மறுபடி வந்து அதே இடத்தில் நின்றாள்.

“ஆங். உம்மேல தப்பில்லம்மா. நாந்தான் சும்மா சொன்னேன்.”

அம்மா தலையாட்டிவிட்டு மெயின் சுவிட்சுக்குக் கீழே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அன்று முழுக்க மெயின் ஏறவில்லை. வாங்கிய முன்பணத்தையெல்லாம் அவர் நம் கடை வாசலில் நின்றே திருப்பிக் கொடுத்தார். என்னைக் கல்நெஞ்சன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் மறுக்க வேண்டாம். நான் அதை ஒவ்வொன்றாக ரசித்துப் பார்த்தேன்.

மறுநாள் அவர் ஒயரைப் பிரித்தார், கடையைக் காலி செய்யவும் சொன்னார். காலி செய்தோம். உங்கள் மாமாக்கள் லாரியோடு வந்தார்கள், தறிக்கு அழைத்துப்போக அல்ல, எதிர்வரிசையில் அம்மா பேசி முடித்திருந்த கடைக்குச் சாமான் ஏற்ற. அங்கே இணைப்பு நம் பெயரில். முதல் நாளே எல்லாவற்றையும் அணைத்து, மீட்டரைப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பால் காய்ச்சினாள். ஃபேன் ஓடுகிறது. பில் எல்லைக்குள் நிற்கிறது.

பழைய கடை வெகுநாள் பூட்டியே கிடந்தது. வாடகைக்கு யார் வந்தாலும், எதிர்க்கடை அம்மாவைக் கேட்டீர்களா என்று தெருவில் ஒருவராவது கேட்டுவிடுவார்கள். போன மாதம் வளையல் கடை வைக்கப்போகிற ஒருவர், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அந்தக் கடை மீட்டரை வந்து பார்த்துச் சொல்லும்படி அம்மாவைக் கேட்டார். நானும் கூடப் போனேன். ஓனரே கதவைத் திறந்துவிட்டார். அம்மா சொல்லச் சொல்ல, லைட்டை, பிளக்கை, குளியலறை மோட்டாரை அவரே ஒவ்வொன்றாகப் போட்டும் அணைத்தும் காட்டினார். நெற்றியில் வியர்வை. அவள் மீட்டரின் முன் நின்று முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தாள்.

“சரியாத்தானே கீதும்மா?” என்று கேட்டார் ஓனர்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

“முதல்ல இருந்து இன்னொரு வாட்டி போட்டுக் காட்டுங்கண்ணா” என்றாள்.