ஐஸ் கேப்டன் விட்டுக்கொடுத்தது

ஒருமுறை விமானம் எழும்பிய சில நொடிகளில் இடது என்ஜினில் தீப்பிடித்தது. குரல் பிசகாமல் பயணிகளிடம் பேசிவிட்டு, கேப்டன் விமானத்தைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அன்றிலிருந்து சக விமானிகளுக்கு அவர் 'ஐஸ் கேப்டன்'. அந்த நிதானத்தை நம்பித்தான் அவரை விமானிகள் சங்கத் தலைவராக்கினார்கள்.

மறு வருடமே கம்பெனி திவால் மனு போட்டது. சம்பளத்தைக் குறைக்க வேண்டும், பயணங்களுக்கு நடுவே கிடைக்கும் ஓய்வு நேரத்தைச் சுருக்க வேண்டும், ஓய்வூதியத் திட்டத்தை மூட வேண்டும் என்று நிர்வாகம் பிடிவாதம் பிடித்தது. மாலைக்குள் உடன்பாடு வராவிட்டால் பழைய ஒப்பந்தம் முழுவதையும் நீதிபதி ரத்து செய்துவிடலாம் என்று சங்க வக்கீல் கேப்டனின் காதைக் கடித்தார்.

பேச்சுவார்த்தை அறையில் ஜன்னல் கிடையாது. ஏசி குளிரிலும் கேப்டனின் காலர் நனைந்திருந்தது. எதிரே நிதி அதிகாரி பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"சம்பளத்துல கை வைங்க, பொறுத்துக்கறோம். தூக்கத்துல கை வைக்காதீங்க" என்றார் கேப்டன். "கண்ணு சொருகுற ஆளு ஓட்டுற விமானத்துல உங்க பிள்ளைங்கள ஏத்துவீங்களா?"

"அப்ப ஓய்வூதியத்தை விட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணுதான்."

கேப்டன் எழுந்து கதவுவரை போய்ப் பிடியில் கை வைத்தார். கூப்பிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பேனா மூடியின் சத்தம் மட்டும் கேட்டது.

அவருடைய அக்கா புருஷனும் அதே கம்பெனியில்தான் விமானி. சீக்கிரமே ஓய்வு பெறப் போகிறவர். இவருக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். கேப்டன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"ஓய்வூதியம் போகட்டும். ஓய்வு நேரத்துல ஒரு நிமிஷம்கூடக் குறையக் கூடாது. எழுதுங்க."

மறுநாள் சங்கத்தில் வாக்கெடுப்பு. மண்டபத்துக்கு வெளியே, கார் நிறுத்தும் இடத்திலேயே அத்தானைப் பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"வேற வழியே இல்லியா மாப்ளே?"

"இல்ல அத்தான்."

"உனக்கு இன்னும் வயசு இருக்கு. எனக்கு?" அத்தான் பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "ஐஸ்னு சும்மாவா பேரு வச்சோம்? நிர்வாகத்துக்கு நல்லா ஐஸ் வச்சுட்டு வந்திருக்காரு!"

சிரிப்பு அடங்குவதற்குள் அத்தான் எழுந்தார்.

"இவன் என் சொந்தம். பொய் சொல்ல மாட்டான். வேற வழியில்லன்னு சொன்னா இருந்திருக்காது. ஆனா என் வயித்துல அடிக்கிற காகிதத்துக்கு நானே ஓட்டுப் போடணுமா? மாட்டேன்."

ஒப்பந்தம் மயிரிழையில் நிறைவேறியது. யாரும் கை தட்டவில்லை.

அன்று இரவு கேப்டன் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவர் தூங்குறாரு. தூக்கத்த மட்டும் விடாம வாங்கிக் குடுத்திருக்கியே, தூங்கட்டும். நீ போடா."

கம்பெனி பிழைத்தது. பாதி விமானங்களை விற்றாலும் மீதி பறந்தன. கேப்டன் தலைவர் பதவியை விட்டுவிட்டு வழக்கமான வேலைக்குத் திரும்பினார். விமானிகள் அறைக்குள் அவர் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். ஓய்வு பெற்ற அத்தான், வீட்டுச் செலவுக்காகப் பயிற்சி மையத்தில் விமானிகளைச் சோதிப்பவராகச் சேர்ந்தார்.

விமானிகள் அவ்வப்போது அங்கே போய், விமானத்தைப் போலவே அமைத்த பயிற்சிக் கூண்டில் திறமையைக் காட்டியாக வேண்டும். கேப்டனின் முறை வந்தபோது பின்இருக்கையில் அத்தான் இருந்தார். எழும்பியதும் ஒரு என்ஜினை அணைத்தார். அடுத்துப் பக்கவாட்டுக் காற்றைக் கூட்டினார், பிறகு ஓடுபாதையையே பனிமூட்டத்தில் மறைத்தார். கேப்டன் கருவிகளைப் பார்த்தே விமானத்தைக் கீழே கொண்டுவந்தார். கடைசி நொடியில் விளக்குகள் தெரிந்தன. இறக்கிவிட்டார்.

அத்தான் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். "பாஸ்."

"அத்தான், ஒரு காபி குடிக்கலாமா?"

"அடுத்த ஆள் காத்துக்கிட்டிருக்கார்" என்று சொல்லி, அத்தான் கூண்டின் கதவைத் திறந்துவிட்டார்.